ஜூயினா வைரங்கள்: கடலடிக் கார்பன் பூமியின் ஆழத்தில் என்ன ஆகிறது?

பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தின் வடமேற்கில் ஜூயினா என்று ஓர் ஊர். அங்கே ஆற்றுச் சரளையை அலசி வைரம் எடுக்கிறார்கள். கிடைப்பதில் பெரும்பகுதி நகைக்கு ஆகாது. பழுப்பேறியிருக்கும், ஒழுங்கான வடிவம் இருக்காது, உள்ளே கரும்புள்ளிகள் இருக்கும். வியாபாரிகளுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் பூமியின் ஆழத்தில் கார்பன் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் நேரடிச் சான்றுகளில் மிக முக்கியமான சில, இந்த ஊர்க் கற்களின் கரும்புள்ளிகளுக்குள்தான் இருக்கின்றன.

நிலக்கரி பூமிக்கடியில் பல கோடி ஆண்டுகள் அழுந்திக் கிடந்து வைரமாகிறது என்று நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். இது தவறு. நிலக்கரி தரைச் செடிகளிலிருந்து வந்தது. தரையில் செடிகள் தோன்றி ஐம்பது கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. வயது கணிக்கப்பட்ட வைரங்களில் பெரும்பாலானவை நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. நிலக்கரிப் படுகைகள் இருப்பதும் மேலோட்டின் முதல் சில கிலோமீட்டருக்குள்தான். இருந்தாலும் அந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது வயதுக் கணக்கு அல்ல. அழுத்தம் மட்டும் இருந்தால் போதும், கார்பன் தானாக வைரமாகிவிடும் என்று அது நம்ப வைக்கிறது. ஜூயினா கற்கள் காட்டுவது வேறு. ஆழத்தில் கார்பன் வைரமாகுமா, சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட் கனிமமாகவே இருக்குமா, உருகி ஓடுமா என்பதில் அழுத்தத்தைவிட அக்கம்பக்கத்துக்குத்தான் பங்கு அதிகம். முக்கியமாக, பக்கத்தில் இருக்கும் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு.

ஆறு கற்கள்

வைரக் கனிமவியலில் பொதுவான ஓர் எல்லைக்கோடு உண்டு. கிராஃபைட் நிலையாக இருக்கும் பகுதி முடிந்து வைரம் நிலையாக இருக்கும் பகுதி தொடங்குவது, கண்டங்களுக்கு அடியில், ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஆழத்தில். நகைக்கடையில் பார்க்கும் வைரங்களில் மிகப் பெரும்பாலானவை 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், கண்டங்களின் தடித்த அடிப்பகுதியில் உருவானவை. ஜூயினாவில் கிடைப்பவை அப்படியல்ல. இவற்றில் பல அதைவிட மூன்று நான்கு மடங்கு ஆழத்திலிருந்து வந்தவை.

2011-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வால்ட்டரும் அவரது குழுவினரும் ஜூயினா-5 என்ற கிம்பர்லைட் குழாயிலிருந்து எடுத்த ஆறு வைரங்களைப் பற்றி எழுதினார்கள். கிம்பர்லைட் என்பது ஆழத்திலிருந்து பீறிட்டு மேலே வந்து உறைந்த எரிமலைப் பாறை. ஜூயினாக் குழாய்கள் சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்தவை.

அந்த ஆறு கற்களின் புள்ளிகளும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுதான். கல்லை மெல்ல மெல்லத் தேய்த்து, புள்ளி மேற்பரப்புக்கு வரும்போது நிறுத்தி, எலக்ட்ரான் கற்றையால் அதன் சேர்மானத்தை அளக்கவேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் புள்ளியே போய்விடும். அப்படி அளந்தபோது வந்த எண்கள் வியப்பானவை. கடலடி எரிமலைப் பாறையான பசால்ட்டை எடுத்து, 660 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள அழுத்தத்தில் வைத்தால் அது என்னென்ன கனிமங்களாகப் பிரியும் என்று ஆய்வகங்களில் ஏற்கெனவே கண்டறிந்திருந்தார்கள். அந்தப் பட்டியல் முழுவதும் இந்த ஆறு கற்களுக்குள் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதிலும் அலுமினியமும் சோடியமும் மிகுந்த இரண்டு கனிமங்கள் முக்கியமானவை. ஏனென்றால், மேலோட்டுக்கும் பூமியின் கருவத்துக்கும் நடுவிலுள்ள தடித்த அடுக்கான மேன்டிலின் சாதாரணப் பாறையிலிருந்து அவை வராது. கடல்-ஓடு, அதாவது கடலடியின் பாறை ஓடு, கீழே போயிருந்தால்தான் வரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கனிமங்கள் இன்று ஒரே படிகமாக இல்லை. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று சிறு கனிமங்களாகப் பிரிந்திருக்கிறது. ஸ்பினல் ஒரு பக்கம், நெஃபலைன் வகை இன்னொரு பக்கம். ஆழத்தில் ஒன்றாக இருந்தது, மேலே ஏறி அழுத்தம் குறையக் குறைய, வைரத்துக்குள் அடைபட்ட நிலையிலேயே பிரிந்திருக்கிறது. ஆக, கல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதோடு அங்கிருந்து மேல் மேன்டில் வரை ஏறி வந்ததும் அதே புள்ளியில் பதிவாகியிருக்கிறது.

கார்பன் யாருடையது

புள்ளிகள் கடலோட்டிலிருந்து வந்தவை என்றாலும், வைரத்தின் உடலான கார்பன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்குக் கார்பனின் இரண்டு நிலையான ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களை, எடை போட்டுப் பார்ப்பார்கள். கார்பன்-12, கார்பன்-13 இரண்டின் விகிதத்தை ஒரு நியமத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்வது வழக்கம். கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மேன்டிலின் கார்பன் −5 அருகே. கரிமப் பொருளின் கார்பன் −25 அருகே. எண் குறையக் குறையக் கார்பன் லேசு.

ஆண்ட்ரூ தாம்சன் தலைமையில் 2014-ல் வெளியான ஆய்வில் அதே ஜூயினா-5 குழாயின் 41 வைரங்களை அளந்திருந்தார்கள். பெரும்பாலானவை −25 பக்கமே சாய்ந்து குவிந்திருந்தன. மேன்டிலின் சொந்தக் கார்பன் இப்படி இருப்பதில்லை. ஒரே கல்லுக்குள் நடுவிலிருந்து விளிம்புக்குள் 15 வரை வேறுபாடு இருந்ததும் உண்டு. எலக்ட்ரான் கற்றை பட்டால் நடுப்பகுதி நீலமாகவும் ஓரம் பச்சையாகவும் ஒளிரும். நீல நடுப்பகுதி லேசான கார்பன், பச்சை ஓரம் கனமான கார்பன். கல் வளரத் தொடங்கியபோது கடலோட்டின் கார்பனை எடுத்துக்கொண்டு, வளர வளர மேன்டிலின் கார்பனையும் கலந்துகொண்டது என்று இதை வாசிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. −25 என்றதும் "உயிர்களின் உடல் வைரமானது" என்று எழுதிவிடுவது எளிது. தாம்சன் குழு அப்படிச் சொல்லவில்லை. கடலடிப் பாறை வெந்நீரோடு வினைபுரியும்போது, உயிர்களின் உதவியே இல்லாமல் உருவாகும் கரிமக் கார்பனும் இதே எண்ணைக் காட்டும் என்பது அவர்களின் விளக்கம். எனக்கும் அந்த நிதானம்தான் சரியென்று தோன்றுகிறது. கார்பன் மேற்பரப்புக்கு அருகிலிருந்து போனது என்பது வரை சான்று அழைத்துச் செல்கிறது. அதற்கு மேல் போக இந்த எண் மட்டும் போதாது.

வைரத்தில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் நைட்ரஜனும் ஒரு சாட்சி. முதலில் அது தனித்தனி அணுவாக நுழையும். சூடும் காலமும் ஏற ஏற ஜோடியாகும், பிறகு நான்கு நான்காகக் கூடிக்கொள்ளும். ஜூயினா-5 கற்களில் இருந்த நைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவு, அதுவும் முழுக்க நான்கு நான்காகக் கூடிய நிலையில். கண்டங்களின் அடியில் கிடக்கும் வைரங்களைவிட அதிகச் சூட்டைத் தாங்கியிருந்தால்தான் இப்படி ஆகும்.

கீழே போகும் வழி

கடலடியில் புதிதாக உருவாகும் பாறையின் விரிசல்களுக்குள் கடல்நீர் ஓடுகிறது. அந்த விரிசல்களில் கால்சைட் படிந்து நரம்பு நரம்பாக அடைகிறது. மேலே சுண்ணாம்புச் சேறும் கரிமச் சேறும் படிகின்றன. கடல் தட்டு நகர்ந்து நகர்ந்து, அகழிகளில் இன்னொரு தட்டுக்கு அடியில் செருகிக்கொள்ளும்போது இவை எல்லாம் சேர்ந்தே கீழே போகின்றன. இப்படி உள்ளே போகும் கார்பன் ஆண்டுக்கு 4 முதல் 8 கோடி டன் வரை என்பதே பெரும்பாலான மதிப்பீடுகள். அதில் ஒரு பகுதி முதல் இருநூறு கிலோமீட்டருக்குள்ளேயே நீரில் கரைந்தும் உருகியும் எரிமலைகள் வழியாகத் திரும்பிவிடுகிறது. மிச்சம் கீழே போகிறது.

போகும் வழியில் கார்பனேட் உருமாறிக்கொண்டே போகும். கால்சைட் அரகோனைட் ஆகும். பிறகு கால்சியத்தின் இடத்தை மக்னீசியம் பிடித்து டோலமைட் வரும், இன்னும் ஆழத்தில் மேக்னசைட் வரும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் வெள்ளை வெளேரென்று தெரியும் குன்றுகளில் வெட்டி எடுக்கிறார்களே வெள்ளைக்கல், அதே கனிமம்தான் இது. சேலத்தில் அது மேற்பரப்புக்கு அருகே, கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் மக்னீசியம் மிகுந்த பாறைக்குள் புகுந்து உண்டானது. இயற்கை இந்தக் கனிமத்தை மேலேயும் உருவாக்குகிறது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்திலும் வைத்திருக்கிறது.

அழுத்தத்துக்கு மேக்னசைட் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைர முனைகளுக்கு நடுவே அதை நசுக்கி, லேசரால் சூடேற்றிப் பார்த்தார்கள். நூறு ஜிகாபாஸ்கலைத் தாண்டியும், அதாவது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தின் அழுத்தத்திலும், அது சிதையவில்லை. அதற்கப்புறமும் வேறொரு அமைப்புக்கு மாறியதே தவிர கார்பனேட்டாகவே இருந்தது. இந்தச் சோதனையை நான் இந்தக் கதையின் திருப்புமுனையாகப் பார்க்கிறேன். அழுத்தம்தான் எல்லாம் என்றால், மேக்னசைட்டாகக் கீழே போன கார்பன் கருவத்தின் விளிம்பு வரை மேக்னசைட்டாகவே போயிருக்கவேண்டும். ஜூயினாவில் நமக்கு வைரமே கிடைத்திருக்கக்கூடாது.

300 முதல் 700 கிலோமீட்டர் வரை

அது ஏன் அங்கே வரை போகவில்லை என்பதற்குப் பதில் 2016-ல் வந்தது. தாம்சனும் வால்ட்டரும் சக ஆய்வாளர்களும், கடலடியில் துளையிட்டு எடுத்த உண்மையான கடலோட்டுப் பாறையை ஒத்த சேர்மானத்தைக் கார்பனேட்டோடு தயாரித்து, பல முனைகளால் ஒரே நேரத்தில் நசுக்கும் பெரிய அழுத்தக் கருவியில் 3 முதல் 21 ஜிகாபாஸ்கல் வரை வைத்துச் சூடேற்றினார்கள். ஒவ்வொரு அழுத்தத்திலும் அது எந்த வெப்பநிலையில் உருகத் தொடங்குகிறது என்பதே கேள்வி.

பொதுவாக ஆழம் கூடக் கூடப் பாறை உருகத் தேவையான வெப்பமும் கூடும். இங்கே ஓரளவு வரை அப்படித்தான் நடந்தது. சுமார் 13 ஜிகாபாஸ்கலுக்கு மேல், 400 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சமமான இடத்தில், உருகும் வெப்பநிலை சட்டென்று சரிந்தது. காரணம் சோடியம். அதுவரை வேறு கனிமங்களுக்குள் அடங்கியிருந்த சோடியம் அந்த அழுத்தத்தில் வெளியேறித் தனியே சோடியம் கார்பனேட்டாகிறது. கண்ணாடி செய்பவர்கள் மணலோடு சோடா உப்பைச் சேர்ப்பது மணல் குறைந்த சூட்டிலேயே உருகுவதற்காகத்தானே, ஏறக்குறைய அதே வேலையை இது இங்கே செய்கிறது.

கீழே போகும் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வெப்பநிலை 300 முதல் 700 கிலோமீட்டருக்குள் எங்காவது இந்தச் சரிவைத் தொட்டே ஆகவேண்டும். தொட்டதும் கார்பனேட் உருகிப் பாறையிலிருந்து கசிந்து வெளியேறுகிறது. தட்டு தொடர்ந்து கீழே போகிறது, கார்பன் அங்கேயே தங்கிவிடுகிறது. விதிவிலக்காக மிகக் குளிர்ந்த சில தட்டுகள் மட்டும் இந்தத் தடையைத் தாண்டலாம்.

இரும்பு செய்யும் வேலை

கசிந்த கார்பனேட் திரவம் சுற்றியுள்ள மேன்டில் பாறைக்குள் நுழைகிறது. இங்கேதான் கதையின் மையம்.

மேற்பரப்பில் இரும்பு என்றால் துருதான், அதாவது ஆக்சிஜனோடு நன்றாகச் சேர்ந்த இரும்பு. ஆழத்தில் நிலைமை தலைகீழ். சுமார் 250 கிலோமீட்டருக்குக் கீழே, மேன்டிலின் கனிமங்கள் அழுத்தத்தால் புதிய அமைப்புகளை எடுக்கின்றன. அந்த அமைப்புகளுக்கு அதிகம் ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு அயனி நன்றாகப் பொருந்துகிறது. வெளியிலிருந்து ஆக்சிஜன் வர வழியில்லை. அதனால் சாதாரண இரும்பு அயனிகளே தமக்குள் பிரிந்து, ஒரு பகுதி கூடுதல் ஆக்சிஜனேற்றம் அடைந்ததாகவும், இன்னொரு பகுதி வெறும் உலோக இரும்பாகவும் மாறுகின்றன. ஜெர்மனியின் பைராய்ட் ஆய்வகத்திலிருந்து 2004-ல் வந்த சோதனைகள், 660 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள கீழ் மேன்டிலில் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் இப்படி உலோகமாக இருக்கும் என்று கணித்தன.

உலோக இரும்புக்கு ஆக்சிஜன் வேண்டும், கார்பனேட்டிடம் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டும் சந்தித்தால் இரும்பு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, தனித்துப்போன கார்பன் வைரமாகப் படிகிறது. திரவமாக வந்த கார்பன் வெப்பம் குறையாமலேயே திடமாகிவிடுகிறது. இதை "ஒடுக்க உறைதல்" என்று அர்னோ ரோர்பாக்கும் மேக்ஸ் ஷ்மிட்டும் 2011-ல் விளக்கினார்கள். 2013-ல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் யூரி பால்யானோவ் குழு கார்பனேட்டையும் உலோக இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயர் அழுத்தத்தில் சூடேற்றியபோது வைரம் உண்மையிலேயே வளர்ந்தது. அழுத்தமும் வெப்பமும் வைரம் நிலைத்திருக்கும் இடத்தைத் தருகின்றன. கார்பனேட்டை வைரமாக்குவது இரும்பு.

அப்படியானால் அந்த உலோகத்தை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். 2016-ல் அமெரிக்க ரத்தினக்கல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.-வின் எவன் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும், 1905-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தின் வகையைச் சேர்ந்த 53 கற்களை ஆராய்ந்தார்கள். மிகத் தூய்மையான, மிகப் பெரிய கற்கள் வரும் வகை இது. அவற்றின் புள்ளிகளில் பெரும்பாலானவை இரும்பு, நிக்கல், கார்பன், கந்தகம் கலந்த உலோகமாக இருந்தன. சுற்றிலும் மீத்தேன், ஹைட்ரஜன் தடயங்களும் இருந்தன. உருவான ஆழம் 360 முதல் 750 கிலோமீட்டர் வரை. ஆக்சிஜன் பற்றாக்குறையான ஓர் இடத்தில் அவை வளர்ந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜூயினாவிலிருந்தே வந்த இன்னொரு கல்லையும் சொல்லியாகவேண்டும். 2008-ல் ஆற்றுச் சரளையில் கிடைத்த, மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள பழுப்புக் கல். எடை 0.09 கிராம். ஆய்வாளர்கள் சுமார் 20 டாலருக்கு வாங்கியது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் கிரஹாம் பியர்சன் தலைமையிலான குழு 2014-ல் அதற்குள், பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் நிலைத்திருக்கும் ரிங்வுடைட் இருப்பதை அறிவித்தது. அதுவரை விண்கற்களிலும் ஆய்வகங்களிலும் மட்டுமே கண்டிருந்த கனிமம் அது. நாற்பது மைக்ரோமீட்டர் அளவுள்ள அந்தத் துணுக்கில் எடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் நீர் இருந்தது. கார்பனோடு சேர்ந்து நீரும் அந்த ஆழம் வரை போகிறது.

மேலே வருவது

ஆழத்தில் உருவான வைரம் நம் கைக்கு வைரமாகவே வந்து சேரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அழுத்தம் குறைந்தும் சூடு குறையாமல் இருந்தால் அது கிராஃபைட் ஆகிவிடும். மொராக்கோவின் வடக்கே பெனி பூசெரா என்ற மலைப்பகுதியில் இதைக் கண்ணால் காணலாம். மேன்டில் பாறையே மெதுவாக மேலேறி வந்து நிற்கும் இடம் அது. அங்கே கிராஃபைட் எட்டுமுகப் படிகங்களாகக் கிடக்கிறது. கிராஃபைட் தானாக அந்த வடிவம் எடுக்காது, அது வைரத்தின் வடிவம். ஒருகாலத்தில் வைரமாக இருந்து, மெதுவான ஏற்றத்தில் கிராஃபைட்டாக மாறியவை என்று 1989-ல் விளக்கியவர்களில் முதன்மையானவர் அதே பியர்சன்.

ஜூயினாக் கற்கள் தப்பித்தது கிம்பர்லைட்டால். பல நூறு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கண்டத்தின் அடிப்பகுதி வரை மேன்டிலின் மெதுவான ஏற்றம் கொண்டுவந்திருக்கிறது, கடைசி 150, 200 கிலோமீட்டரைக் கிம்பர்லைட் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் தாண்டியிருக்கிறது. கிம்பர்லைட்டை அவ்வளவு வேகமாகத் தள்ளியது அதில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் நீரும். ஒரு கார்பன் கனிமத்தைப் பத்திரமாக மேலே சேர்த்தது கார்பனே நிறைந்த இன்னொரு திரவம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நேரக் கணக்கும் கிடைத்திருக்கிறது. ஜூயினாப் பகுதியின் கோலியர்-4 குழாயில் கிடைத்த ஒரு வைரத்தின் புள்ளியை யுரேனியம்-ஈயம் முறையில் அளந்து 2010-ல் வெளியிட்ட வயது சுமார் 10.1 கோடி ஆண்டுகள். குழாய்கள் வெடித்ததோ சுமார் 9.3 கோடி ஆண்டுகளுக்கு முன். வைரங்களின் உலகில் இது மிகக் குறுகிய இடைவெளி.

வாதத்தில் இருப்பவை

2011-ன் முடிவும் 2016-ன் முடிவும் ஒன்றோடொன்று உரசுவதைக் கவனித்திருப்பீர்கள். முதலாவது, கார்பன் சுழற்சி 660 கிலோமீட்டரைத் தாண்டிக் கீழ் மேன்டில் வரை போகிறது என்கிறது. இரண்டாவது, பெரும்பாலான கார்பன் அதற்கு முன்பே தடுக்கப்படுகிறது என்கிறது. ஆய்வாளர்களில் ஒரு சாரார், கீழ் மேன்டிலுக்கு உரியவை என்று கருதப்பட்ட புள்ளிகளில் சிலவற்றை, கார்பனேட் திரவம் 300 முதல் 700 கிலோமீட்டருக்குள் மேன்டில் பாறையோடு வினைபுரிந்து உண்டானவை என்று விளக்குகிறார்கள். தாம்சனும் வால்ட்டரும் இரண்டு ஆய்வுப் பாதைகளிலும் பங்கெடுத்தவர்கள் என்பதால் இது ஆளுக்கு ஆள் நடக்கும் சண்டை அல்ல. சான்று சேரச் சேர விளக்கம் திருத்தப்படுகிறது. என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று முறியடிக்கவில்லை. தடை பெரும்பகுதியை நிறுத்துகிறது. மிகக் குளிர்ந்த தட்டுகளோடு கொஞ்சம் தாண்டிப் போகிறது. ஏற்கெனவே வைரமாகிவிட்ட கார்பனும் கீழே போகலாம், ஏனென்றால் வைரம் அந்தச் சூட்டில் உருகுவதில்லை.

எவ்வளவு தாண்டிப் போகிறது என்ற கணக்கு சிறிய விஷயம் அல்ல. டீப் கார்பன் அப்சர்வேட்டரி என்ற பன்னாட்டுத் திட்டம் 2019-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூமியின் ஒவ்வொரு லட்சம் டன் கார்பனுக்கும் கடல், நிலம், காற்று மூன்றிலுமாகச் சேர்த்து இரண்டரை டன்கூட இல்லை. மற்றதெல்லாம் கீழே. 300 முதல் 700 கிலோமீட்டருக்குள் நிற்கும் கார்பன் வைரமாக உறைந்து பல கோடி ஆண்டுகள் அங்கேயே கிடக்கலாம். மேன்டில் மெதுவாக மேலேறும்போது, 250 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் நிலை மாறி, அதே வைரம் மீண்டும் கார்பனேட்டாகி, சுற்றியுள்ள பாறையை உருக வைக்கவும் செய்யும். கீழே போகும்போது கார்பனை உறைய வைத்த அதே இரும்பு, மேலே வரும்போது தான் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனைத் திருப்பித் தந்து அதை உருக்குகிறது.